பசிக்கு என்ன சுவரொட்டி எழுதுவது?

கேள்வி: அக்டோபர் 16, உலக உணவு நாள். எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணி ஒரு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறது. 'தட்டில் மிச்சம் வைக்காதே, ஆப்பிரிக்காவில் குழந்தைகள் பட்டினியால் சாகிறார்கள்' என்று சுவரொட்டிகள், ஒரு பேரணி, சிறுதானிய உணவு அரங்கு என்று யோசித்து வைத்திருக்கிறோம். இது போதுமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: பேரணியும் அரங்கும் இருக்கட்டும். சுவரொட்டி வாசகத்தை மட்டும் மாற்றிவிடுங்கள். தட்டில் மிச்சம் வைக்கலாம் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் விடுதி மெஸ்ஸில் வீணாகும் சாம்பார் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாலும் சூடானில் ஒரு குழந்தைக்கு ஒரு வாய்கூட அதிகம் கிடைக்கப்போவதில்லை. படிக்கிறவருக்கும் இது தெரியும். கொஞ்சம் குற்ற உணர்ச்சி வரும், கை கழுவியதும் அதுவும் போய்விடும்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரிசி, கோதுமை, மக்காச்சோளம் எல்லாம் சேர்த்து உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 280 கோடி டன் தானியம் விளைகிறது. மக்கள்தொகை 820 கோடி. வகுத்தால் ஆளுக்கு 340 கிலோ, அதாவது நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பருப்பு, கிழங்கு, காய்கறி, மீன், முட்டை, பால் எதுவும் இதில் சேரவில்லை. இந்தத் தானியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாட்டுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போகிறது. இன்னொரு பகுதி எத்தனாலாகி வண்டிகளில் எரிகிறது. இவ்வளவு விளைந்தும் ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024-இல் சுமார் 67 கோடிப் பேர் அரை வயிற்றோடு இருந்தார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது, பத்திரிகைகள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சத்தான சாப்பாட்டை விலை கொடுத்து வாங்க முடியாதவர்கள் 260 கோடிப் பேர். சோறு இருக்கிறது, பருப்பும் காயும் பாலும் வாங்கக் காசு இல்லை.

ஆக, பசியின் முதல் காரணம் விளைச்சல் குறைவு அல்ல. இருக்கிற உணவை வாங்கவோ உரிமையோடு கேட்டுப் பெறவோ வழியில்லாமல் போவதுதான். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1943 வங்காளப் பஞ்சத்தில் 30 லட்சம் பேர் அளவுக்குச் செத்தார்கள். சிறுவனாக அதைப் பார்த்த பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பின்னாளில் கணக்குகளைத் தோண்டி எடுத்தபோது, 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி 1941-ஐவிடக் குறைவில்லை என்று தெரிந்தது. 1941-இல் பஞ்சம் இல்லை. போர்க்காலச் செலவில் விலை ஏறியது, விவசாயக் கூலியின் கூலியும் மீனவரின் வரும்படியும் அதோடு சேர்ந்து ஏறவில்லை. ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று படகுகளை வேறு அரசு பறிமுதல் செய்திருந்தது. அரிசி சந்தையில் இருந்தது. வாங்கத்தான் ஆளுக்குத் தெம்பில்லை.

நம் பக்கத்துக் கதை இன்னும் கசப்பானது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்துக்கு அனுப்பியது. 1873-74-இல் பீகாரில் மழை பொய்த்தபோது பர்மாவிலிருந்து அரிசி இறக்கி, பெருஞ்சாவு வராமல் தடுத்தவர் இதே டெம்பிள்தான். 'இவ்வளவு செலவா?' என்று அப்போது அவரைத் திட்டித் தீர்த்தார்கள். பாடம் படித்துக்கொண்ட மனிதர் இங்கே வந்து, நிவாரண முகாமில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர், இந்த அளவில் கடும் உழைப்பாளி உயிர் தரிக்க மாட்டான் என்று எழுதி எழுதிச் சண்டை போட்ட பிறகு கொஞ்சம் கூட்டினார்கள். அதற்குள் முகாம்களில் பிணம் விழத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுகளிலும் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. சென்னையில் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பிடித்துக்கொள்கிறோம் இல்லையா, அதன் ஒரு பகுதி அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டது. நிகழ்ச்சி சென்னையில் என்றால் மாணவர்களை அங்கே ஒருமுறை கூட்டிப் போங்கள்.

இது வெள்ளைக்காரன் காலத்தோடு முடிந்துவிடவும் இல்லை. 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி, பட்டினிச் சாவுச் செய்திகள். அதே நேரம் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் தேங்கிக் கிடந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, எல்லா அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு போடவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 1956-லும் 1982-லும் செய்துகாட்டியதை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது அந்த வழக்குதான்.

இப்போது ஆப்பிரிக்காவுக்கு வருவோம். முதல் விஷயம், கழுகு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒரு குழந்தை குனிந்து கிடக்கும் படம். வாட்ஸப்பில் எல்லோருக்கும் வந்திருக்கும், உங்கள் அணியில் யாராவது அதைச் சுவரொட்டியில் போடலாம் என்றும் சொல்லியிருப்பார்கள். வேண்டாம். அது கெவின் கார்ட்டர் 1993-இல் தெற்கு சூடானின் அயோட் என்ற ஊரில், உணவு வழங்கும் இடத்துக்குப் பக்கத்தில் எடுத்த படம். அந்தக் குழந்தையைக் கழுகு தின்றுவிட்டது என்று நம் ஊரில் சுற்றும் கதை பொய். அப்படம் முப்பது வருஷமாக நமக்குச் சொல்லித்தருவது, பசி என்பது எங்கோ பாலைவனத்தில் இயற்கை செய்யும் கொடுமை என்றுதான். அது உண்மை இல்லை.

சூடானையே எடுத்துக்கொள்ளுங்கள். நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் நடுவே கெசிரா என்று ஒரு பாசனப் பகுதி இருக்கிறது. உலகின் மிகப் பெரிய கால்வாய்ப் பாசனத் திட்டங்களில் ஒன்று. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் போர் மூண்டது. டிசம்பரில் சண்டை கெசிராவுக்குள்ளேயே வந்துவிட்டது. விதை போனது, டிராக்டர் போனது, உழுகிறவர் ஊரைவிட்டு ஓடினார். 2024 ஆகஸ்டில் சூடானின் மேற்கே டார்ஃபூரில், ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள் தங்கிய சம்சம் முகாமில் பஞ்சம் என்று உறுதி செய்தார்கள். 2025 ஆகஸ்டில் காசாவிலும் அதே அறிவிப்பு வந்தது. அங்கே எல்லையில் லாரிகள் நின்றன, உள்ளே விடப்படவில்லை. இரண்டு இடத்திலும் மழையைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

'பஞ்சம்' என்று சும்மா அறிவித்துவிட மாட்டார்கள், அதற்கு மூன்று அளவுகோல் உண்டு. ஐந்தில் ஒரு குடும்பமாவது அறவே உணவின்றித் தவிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நூற்றுக்கு முப்பது குழந்தைகளாவது கடுமையாக இளைத்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இரண்டு பேர் பட்டினியாலோ பட்டினியோடு சேர்ந்த நோயாலோ சாக வேண்டும். அதாவது அறிவிப்பு வரும்போதே ஏகப்பட்ட பேர் செத்திருப்பார்கள். சோமாலியாவில் 2010 முதல் 2012 வரை செத்த இரண்டரை லட்சம் பேரில் பாதிப் பேர், 2011 ஜூலையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டார்கள்.

படத்துக்குப் பதில் உங்கள் அரங்கில் ஒன்று செய்யலாம். களப்பணியாளர்கள் குழந்தையின் மேல்கையைச் சுற்றி ஒரு நாடா வைத்து அளப்பார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு: உயிருக்கு ஆபத்து, உடனே சிகிச்சை. காகிதத்தை அந்த நீளத்துக்கு வெட்டி, முனையோடு முனை சேர்த்து ஒட்டி, வருகிறவர் கையில் கொடுங்கள். குறுக்களவு நாலு சென்டிமீட்டர்கூட வராது. இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அப்புறம் பேசுங்கள், கேட்பார்கள். பக்கத்திலேயே 92 கிராம் வேர்க்கடலைப் பசையை ஒரு கிண்ணத்தில் வையுங்கள். கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துக்கலவை சேர்ந்த இந்த அளவுப் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், தாயே வீட்டில் வைத்துக் கொடுத்துவிடலாம். தொண்ணூறுகளின் நடுவில் பிரான்சில் உருவான இந்தச் சாதாரணப் பொருள், மருத்துவமனையில் படுக்க வைத்தே தேற்றவேண்டும் என்றிருந்த நிலையை மாற்றியது.

உலகப் பசிக் குறியீட்டை யாராவது கட்டாயம் இழுப்பார்கள். 2025-இல் 123 நாடுகளில் இந்தியா 102. உடனே ஒரு கூட்டம் 'அவமானம்' என்கும், இன்னொரு கூட்டம் 'சதி' என்கும். நான்கு அளவைகளில் மூன்று குழந்தைகள் பற்றியவை (உயரக் குறைவு, எடை இளைப்பு, ஐந்து வயதுக்குள் இறப்பு), ஆகவே அதைப் 'பசி' என்ற பெயரில் அழைக்கலாமா என்ற கேள்வி நியாயம்தான். அதற்காக எண்களே பொய் என்று ஆகிவிடாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் சத்துணவுக்குப் பேர்போன தமிழ்நாட்டிலேயே நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சோற்றுப் பசியை ஏறக்குறைய ஒழித்துவிட்டோம். இரும்புச்சத்துப் பசி வயிற்றைக் கிள்ளாது, அதனால் யாரும் கொடி பிடிப்பதில்லை.

சரி, உணவு வீணாவது பற்றிப் பேசவே கூடாதா? பேசுங்கள், அதற்குரிய காரணத்தோடு. 2022-இல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து உலகம் 105 கோடி டன் உணவை எறிந்தது. அதில் அறுபது சதவீதம் வீடுகளில். அறுவடையிலிருந்து கடைக்கு வரும்முன் இழப்பது இன்னும் ஒரு 13 சதவீதம். இந்த இரண்டும் சேர்ந்து உலகின் பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 சதவீதத்துக்குக் காரணம். விடுதி மெஸ்ஸில் மீதமாவதை ஒரு வாரம் எடைபோட்டுப் பலகையில் எழுதுங்கள், யாரையும் திட்ட வேண்டாம். எந்த நாள் எது மீதமாகிறது என்று தெரிந்தால் மறுவாரம் சமையல்காரரே உலை அரிசியைக் குறைத்துவிடுவார்.

ஆனால் வீணாவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தட்டு அல்ல, டெல்டா. உங்கள் விழா நடக்கும் அதே அக்டோபர் நடுவில் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை சாலைகளில் பேருந்தில் போய்ப் பாருங்கள். குறுவை அறுவடை முடிகிற நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்குகிற நேரமும் ஒன்றாக வரும். அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழையில் நனைந்து வந்த நெல் 20, 22 என்று காட்டும். விவசாயி என்ன செய்வார்? தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, வெயில் அடித்தால் காலால் கிளறிவிட்டு, மேகம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடுவார். காய்ந்து முடிந்தால் சாக்கு இருக்காது. சாக்கு வந்து 40 கிலோ சிப்பமாகப் பிடித்தால் லாரி வராது. லாரி வந்தால் கிடங்கில் இடம் இருக்காது. பத்து நாள் இப்படிக் கிடந்தால் குவியலின் அடியில் நெல் வெள்ளையாய் முளை விட்டிருக்கும், கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கும். ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு மாநிலம் கடிதம் எழுதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும், உத்தரவு வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உலர்த்தும் இயந்திரம், மேற்கூரை உள்ள களம், இவ்வளவுதான் தேவை. இதைப் பற்றி யாரும் பேரணி போவதில்லை.

அடுத்து நிலைத்த வேளாண்மை, உங்கள் சிறுதானிய அரங்கு. இங்கே இலங்கையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. 2021 ஏப்ரல் இறுதியில் அந்நாட்டு அரசு ரசாயன உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் தடை என்று அறிவித்தது. நாடே இயற்கை விவசாயத்துக்கு மாறும் என்றார்கள், டாலர் கையிருப்பு கரைந்துகொண்டிருந்ததும் ஒரு காரணம். இரணைமடுக் குளத்தை நம்பி நெல் போடும் கிளிநொச்சி விவசாயி முதல் நுவரெலியாவின் காய்கறித் தோட்டக்காரர் வரை எல்லோருக்கும் ஒரே போகத்தில் மாறு என்று உத்தரவு. ரசாயனத்துக்குப் பழகிய மண் தேறிவரச் சில ஆண்டுகள் ஆகும், அவ்வளவு எருவும் தழையும் நாட்டில் இல்லை. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள், அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. டாலர் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 சதவீதம் அதிகம். ஏறத்தாழ இரட்டிப்பு.

இதைக் காட்டி 'இயற்கை விவசாயம் பட்டினி போடும்' என்று முடிவு கட்டுகிறவர்களும் தவறுகிறார்கள். பஞ்சாப் எதிர்த்திசையில் போய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: பெரும்பாலும் நெல்லையும் கோதுமையையும்தான் அரசு எடுக்கும், மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், நிலத்தடி நீர் ஆண்டுக்காண்டு கீழே. நம் பக்கம் 'நெல்' ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களைத் தேடி மீட்டு, விவசாயிகளுக்கு விதையாகக் கொடுத்துப் பரப்பினார். வெள்ளத்தில் நிற்கும் ரகம், உப்பு மண்ணைத் தாங்கும் ரகம் என்று அதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த மாற்றம் வயல் வயலாக, ஆள் ஆளாக நடந்தது.

சிறுதானிய அரங்கில் தினைப் பாயசமும் கம்பு லட்டும் வைக்கப்போகிறீர்கள், நல்லது. கூடவே விலைச் சீட்டும் வையுங்கள். நகரத்துக் கடைகளில் சாமையும் வரகும் நல்ல அரிசியைவிடக் கூடுதல் விலை. மானாவாரியில் மழையை நம்பி விளைவதை, ஒருகாலத்தில் ஏழை தின்றதை, இன்று சர்க்கரை நோய் வந்தபின் வசதியானவர் வாங்குகிறார். அதை ஆரோக்கியம் என்று சொல்லலாம், பசியோடு சேர்த்து முடிச்சுப் போட முடியாது. பசியோடு தொடர்புள்ள சிறுதானியம் எங்கே இருக்கிறது என்றால், 2023-இல் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அங்கே. கேழ்வரகை அரசு விலை கொடுத்து எடுத்தால்தான் தர்மபுரி விவசாயி அதைத் தொடர்ந்து போடுவார்.

இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய நாடு பிரேசில். அங்கே பள்ளிச் சாப்பாட்டுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் வாங்கவே செலவிட வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைக்குக் காய், பக்கத்து ஊர் விவசாயிக்கு நிச்சயமான கிராக்கி. இந்தச் சட்டம், வறிய குடும்பங்களுக்கு மாதப் பணம், குறைந்தபட்சக் கூலி உயர்வு எல்லாம் சேர்ந்து 2014-இல் பிரேசில் ஐ.நா.வின் பசி வரைபடத்திலிருந்து, அதாவது பசி பரவலாக உள்ள நாடுகளின் பட்டியலிலிருந்து, வெளியேறியது. அரசு மாறியது, திட்டங்கள் வெட்டப்பட்டன, கொரோனா வந்தது, நாடு மறுபடி வரைபடத்துக்குள் போனது. திட்டங்களைத் திரும்பப் பிடித்த பிறகு 2025-இல் மீண்டும் வெளியே வந்தது. பத்து ஆண்டில் மண்ணும் மழையும் மாறிவிடவில்லை, மாறியது வரவு செலவுத் திட்டம்தான். நம் காலை உணவுத் திட்டத்துக்கான காயையும் ராகியையும் அந்தந்த வட்டாரத்திலேயே வாங்கலாமே என்று உங்கள் நிகழ்ச்சிக்கு வரும் அதிகாரியிடம் கேளுங்கள். மேடையில் வைத்துக் கேட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக, சுவரொட்டி. அதை இந்தியில், ஒடியாவில், வங்காளத்தில் எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில், சென்னைக் கட்டட வேலையில், ஈரோட்டு மில்லில் இருக்கும் வடமாநிலத் தொழிலாளிக்குச் சொந்த ஊரில் ரேஷன் அட்டை இருக்கும், அரிசியை இங்கே கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பார். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டை, ஆதாரோடு இணைந்திருந்தால், அவர் இங்கே உள்ள ரேஷன் கடையிலேயே விரல் வைத்துத் தன் பங்கை வாங்கலாம், ஆளுக்கு மாதம் 5 கிலோ, இலவசம். பலர் வாங்காமலிருப்பதற்குக் காரணம் ஒரு பயம்: இங்கே வாங்கினால் ஊரில் மனைவி பிள்ளைகளுக்கு வெட்டிவிடுவார்கள் என்று. அப்படி இல்லை. இங்கே தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் மீதியை ஊரில் குடும்பம் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போட்டு, கீழே பக்கத்து ரேஷன் கடை எங்கே, எந்த நாள் திறந்திருக்கும் என்று குறியுங்கள். முதலில் அந்தக் கடை விற்பனையாளரிடம் பேசி, வெளிமாநில அட்டைக்குச் சரக்கு வருகிறதா, கருவியில் விரல்ரேகை ஏற்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆட்கள் வந்து வெறுங்கையோடு திரும்பக்கூடாது. ஒட்டவேண்டிய இடம் கல்லூரி வாசல் இல்லை. ரயில் நிலைய நடைமேடை, தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகள், ஞாயிற்றுக்கிழமை சந்தை.